28 இயர்ஸ் லேட்டர்: கடைக்கு வர்ற எல்லாரும் கேக்குற கேள்விங்க

இலங்கை மலையகத்துல ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு பக்கத்துல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். சின்ன வயசுலருந்தே ஜோம்பி படம்னா எனக்கு உசுரு, அது இங்க எல்லாருக்கும் தெரியும். அதனால 2025 ஜூன்ல '28 இயர்ஸ் லேட்டர்' வந்த நாள்லருந்து டிஸ்ப்ளே மாத்த வர்றவங்க, சார்ஜ் ஏறலன்னு வர்றவங்க, ரீலோட் போட வர்றவங்க எல்லாரும் சாமானை மேசையில வச்சிட்டு முதல்ல கேக்குறது இந்தப் படத்தப் பத்திதான். சிலர் கொழும்புல பாத்துட்டு வந்தாங்க, சிலர் பிந்தி வீட்டு டீவியில பாத்தாங்க. ஒருத்தன் குப்பைங்கறான், அடுத்தவன் ரெண்டு நாளா சரியா தூங்கலங்கறான், ஒரே த்ரீவீல்ல வந்த ரெண்டு கூட்டாளிங்க என் கடை வாசல்ல நின்னு சத்தம் போட்டு சண்டை புடிச்சதும் நடந்துச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி முடியல, அதான் கேட்டது கேட்டபடியே இங்க எழுதி வச்சிருக்கேன். முதல் மூணு கேள்விக்கு அங்கால கதை முழுசும் வந்துரும், படம் பாக்காதவங்க அதோட நிறுத்திக்கங்க.

அண்ணே, முன்னாடி வந்த ரெண்டு படத்தையும் பாக்காம இத பாத்தா வெளங்குமா?

வெளங்கும். 2002ல '28 டேஸ் லேட்டர்' வந்துச்சு, டேனி பாயில் டைரக்‌ஷன், அலெக்ஸ் கார்லண்ட் எழுதினது. 2007ல '28 வீக்ஸ் லேட்டர்' வந்துச்சு, அது வேற டைரக்டர். இப்ப அந்த பழைய ரெண்டு பேரும் திரும்ப சேந்து எடுத்ததுதான் இது. கதையில பழைய ஆளுங்க யாரும் இல்ல, புது ஊரு புது குடும்பம். இங்கிலாந்துல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துலருந்து 'ரேஜ்'னு ஒரு வைரஸ் வெளிய வந்துருச்சு, ரத்தமோ எச்சிலோ பட்டா சில செக்கன்ல மனுசனுக்கு வெறி ஏறிடும், அவ்வளவு தெரிஞ்சா போதும். ரெண்டாவது படத்து முடிவுல நோய் பாரிஸ் வரைக்கும் போயிருக்கும், ஐரோப்பாவுல அத அடக்கிட்டாங்க, பிரிட்டனை மட்டும் தனியா பூட்டி வச்சிட்டாங்கன்னு இதுல ஆரம்பத்துலயே எழுத்துல போட்டுருவாங்க.

நேரம் இருந்தா முதல் படத்த மட்டுமாவது பாருங்க. ஆஸ்பத்திரி கட்டில்ல முழிச்சு எழும்புன ஒருத்தன் லண்டன்ல ஆள் நடமாட்டமே இல்லாத வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல நடந்து போறான். 2020 மார்ச்சுல ஊரடங்கு போட்டப்ப மருந்து வாங்கப் போயி ஹட்டன் மெயின் ரோட்டு நடுவுல நின்னேன், ஒரு ஹோர்ன் சத்தம் கூட இல்ல, எனக்கு அந்த பாலம்தான் ஞாபகம் வந்துச்சு.

இது ஜோம்பி படமே இல்லன்னு ஒருத்தன் சண்டைக்கு வாரான், உண்மையா மச்சான்?

கறாரா பாத்தா அவன் சொல்றது சரி. ஜோம்பின்னா செத்து எழும்பினது. இதுல வர்றவங்க சாகல, நோய் புடிச்ச உசுருள்ள மனுசங்க, மூச்சு விடுறாங்க, பசிச்சா திங்கிறாங்க, பட்டினி கெடந்தா செத்தும் போறாங்க. முதல் படத்துல ஆஸ்பத்திரி ஆளு முழிக்கிறப்ப நோய் ஆரம்பிச்சு 28 நாள், அங்கருந்துதான் இந்தப் பேரே வந்துச்சு.

ஆனா அமெரிக்காவுல ஜார்ஜ் ரொமேரோ 1968ல எடுத்த படத்துல பொணங்க மெதுவா தள்ளாடி வரும், அந்த படத்துல ஜோம்பிங்கற வார்த்தையையே யாரும் சொல்ல மாட்டாங்க. இருந்தும் உலகத்துல எல்லாரும் அதத்தான் ஜோம்பி படத்துக்கு தாய்ங்கறாங்க. அப்ப 2002ல வந்து அந்த தள்ளாட்டத்த ஓட்டமா மாத்துன இத மட்டும் வெளிய தள்ள என்னால ஏலாது.

படம் நல்லமா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க

நல்லம். எனக்கு. ஆனா ரெண்டு பக்கமும் பேசுறவங்க பொய் சொல்லல, அத முதல்ல வெளங்கிக்கணும். வெளிநாட்டு விமர்சகர்கள்ல பத்துக்கு ஒன்பது பேரளவு நல்லாருக்குன்னு எழுதினாங்க, டிக்கட் எடுத்துப் பாத்த சனத்துல அப்படி சொன்னது பத்துக்கு ஆறேழு பேர்தான். அமெரிக்காவுல முதல் நாள் பாத்துட்டு வெளிய வர்றவங்ககிட்ட மார்க் கேட்டு வாங்குற ஒரு முறை இருக்கு, அதுல இதுக்கு 'பி' கெடைச்சுது. பேய்ப் படத்துக்கு அது கெட்ட மார்க் இல்ல, தூக்கி வச்சுப் பேசுற மார்க்கும் இல்ல. நம்ம ஹட்டன்லயும் கணக்கு ஏறக்குறைய அப்படித்தான் வருது, என் கடை மேசையில நின்னு சொன்னவங்கள வச்சு சொல்றேன்.

இங்கருந்து கதை வருது.

முதல் ஒரு மணித்தியாலம் சும்மா அள்ளிச்சு, பொறகு ஏன் அண்ணே அம்மா சென்டிமென்ட்டுக்குள்ள போயிட்டான்?

இதுதான் அதிகமா வர்ற கேள்வி. கடை வாசல் சண்டையும் இதுலதான். 12 வயசு ஸ்பைக், ஒரு தீவுல இருக்கான், தகப்பன் ஜேமி அவன முதல் தடவையா அக்கரைக்கு வேட்டைக்கு கூட்டிப் போறாரு. அம்பு, ஓட்டம், ராத்திரி பரண்ல ஒளியிறது, கடல் தண்ணி ஏற ஏற பாதையில ஓடி வர்றது, அந்த பகுதி முழுக்க நெஞ்சு அடிச்சுக்கும். ஊருக்கு வந்ததும் ஊரே கூடி பொடியன தூக்கி வச்சு ஆடுது, தகப்பன் நடந்தத ரெண்டு மடங்காக்கி பெருமை அடிக்கிறாரு. பொடியனுக்கு தான் பயந்து நடுங்கினது தெரியும். அந்த ராத்திரியே அப்பா வேற ஒரு பொம்பளையோட நிக்கிறதையும் பாத்துர்றான். வீட்டுல அம்மா ஐலா என்ன வருத்தம்னே தெரியாம படுக்கையில கெடக்கா, ஆள் அடையாளம் மறக்குது. அக்கரையில ஒரு டாக்டர் இருக்காருன்னு கேள்விப்பட்டு, அம்மாவ கூட்டிக்கிட்டு யாருக்கும் சொல்லாம கெளம்பிர்றான். ரெண்டாவது பாதி அந்த பயணம்தான்.

ட்ரெய்லர் காட்டுனது ஓட்டத்த மட்டும். அதப் பாத்துட்டுப் போன பொடியனுக்கு ஏமாத்தினமாதிரி இருக்கும், நியாயம். ஆனா ரெண்டு பாதியும் ஒரே கதைன்னுதான் எனக்குப் படுது. முதல் பாதியில தகப்பன் கத்துக் குடுக்குறது எப்படி கொல்றதுன்னு, ரெண்டாவது பாதியில அந்த பிள்ள கத்துக்கிறது செத்தவங்கள எப்படி அனுப்பி வைக்கிறதுன்னு. அம்மாவுக்கு வந்தது ரேஜ் இல்ல, புற்றுநோய், மூளை வரைக்கும் பரவிருச்சு, டாக்டர் கையால தடவிப் பாத்து சொல்றாரு. ஊரெல்லாம் பயப்படுற நோய் ஒன்னு, வீட்டுக்குள்ள ஆள தின்ன நோய் இன்னொன்னு.

எங்கம்மா நாலு மாசம் படுக்கையில இருந்துதான் போனாங்க. கடைசி நாள்ல என்ன எங்க மாமான்னு நெனச்சு "தம்பி, லயத்து கதவு சாத்தியாச்சா"ன்னு (லயம்னா தோட்டத்து வரிசை வீடு) கேட்டுக்கிட்டே இருந்தாங்க. படத்துல ஐலா தன் மகன அப்பான்னு கூப்புடுற இடத்துல நான் டீவிய நிப்பாட்டி வச்சிட்டு வெளிய போய் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துதான் மிச்சத்த பாத்தேன். இந்த படத்த நல்லம்னு சொன்னவங்கள்ல அரைவாசிக்கு மேல எழவு வீட்டுல ராத்திரி முழுக்க குந்தி இருந்து பழக்கப்பட்டவங்க, நான் கேட்டே பாத்தேன். அதுக்காக மத்தவனுக்கு மனசே இல்லன்னு சொல்ல வரல, அவன் கேட்டது வேற சாப்பாடு.

ஐபோன்லயே எடுத்த படமாமே? அப்ப என் போன்லயும் எடுக்கலாமா?

பெரும்பகுதி ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ்ல எடுத்தது, உண்மை. ஆனா கடையில வாங்கி அப்படியே கையில புடிச்சு எடுக்கல. போன சட்டத்துக்குள்ள பூட்டி, முன்னால சினிமா லென்ஸ் மாட்டி, வேற கேமராவும் ட்ரோனும் சேத்துத்தான் எடுத்தாங்க. அம்பு பாய்ஞ்சதும் ஒரு செக்கன் எல்லாம் உறைஞ்சு கேமரா மட்டும் சுத்திப் போகும் பாத்தீங்களா, அதுக்கு 8, 10, 20ன்னு போன்கள வரிசையா வளைவா மாட்டுன சட்டங்கள் செஞ்சாங்க, கடைசியா சொன்னதுல 20 போன் ஒரே நேரத்துல ஓடும். செலவு 60 மில்லியன் டொலர் அளவுல, அதனால போன்ல எடுத்தது மலிவுன்னு நெனைக்க வேணாம். கேமராமேன் அந்தோணி டாட் மேன்டில், முதல் படத்தையும் அவர்தான் எடுத்தாரு, அது கேனன் எக்ஸ்எல்1னு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. அப்ப அது சின்னதா இருந்ததாலதான் விடியக்காலையில லண்டன் ரோட்ட சில நிமிஷம் மறிச்சு வேகமா எடுத்துட்டுப் போக முடிஞ்சுது.

உங்க போன்லயும் எடுக்கலாம். நான் பொடியன்களுக்கு சொல்றது ரெண்டே விஷயம். ஸ்கிரீன்ல விரல வச்சு அழுத்திப் புடிச்சா வெளிச்சமும் போகஸும் பூட்டிக்கும், அத பூட்டாம எடுத்தா மூடுபனி வந்து போறப்ப படம் வெளுத்து வெளுத்து கறுக்கும், நம்ம மலையில அது பெரிய தொல்லை. ரெண்டாவது, லென்ஸத் தொடைங்க. ரிப்பேருக்கு வர்ற பத்து போன்ல எட்டுல லென்ஸ் மேல எண்ணெய்க் கறை.

மேலயும் கீழயும் கறுப்பு பட்டி வருதே, என் டீவியில கோளாறா?

கோளாறு இல்ல. ரொம்ப அகலமா எடுத்த படம், 2.76க்கு 1ங்கற அளவு. அகலம் கூடுனா ஓரத்துல எங்கருந்து எவன் வருவான்னு கண்ணு தேடிக்கிட்டே இருக்கும், அதுக்குத்தான். போன்ல பாத்தவங்களுக்கு இது ஒரு விரல் உயரத்துல ஒரு கோடாத்தான் தெரிஞ்சிருக்கும், படம் புடிக்கலன்னு சொன்னவங்கள்ல பாதிப் பேர் அப்படிப் பாத்தவங்க. டீவியில திரும்ப ஒருக்கா பாருங்க.

"பூட்ஸ் பூட்ஸ்"னு ஒரு ஆள் பழைய ரேடியோ குரல்ல கத்துறானே, அது என்ன? அது கேட்டதுலருந்து தலைக்குள்ளயே ஓடுது

அது ருட்யார்ட் கிப்ளிங் எழுதுன கவிதை, 1903ல வந்தது. ட்ரெய்லர்லயும் படத்துலயும் கேக்குற குரல் டெய்லர் ஹோம்ஸ்னு ஒரு அமெரிக்க நடிகரோடது, 1915ல பதிஞ்சது. தென்னாபிரிக்காவுல போயர் யுத்தத்துக்கு நடந்தே போன ஆங்கிலச் சிப்பாய்க்கு, முன்னால ஏறி எறங்குற சப்பாத்துகள பாத்துப் பாத்து பைத்தியம் புடிக்கிற கதை. சொல்லு அடி மாறாம வரும், ஒரு கட்டத்துல குரல் உடைஞ்சு அலறலா ஆகிடும். படத்துல தகப்பனும் மகனும் வேட்டைக்கு நடக்குறப்ப இத போட்டு, ஊடால பழைய யுத்தப் படத் துண்டுகள சேத்திருப்பாங்க. பிள்ளைங்கள யுத்தத்துக்கு பழக்குறது இன்னைக்கு நேத்து வந்ததில்லன்னு காட்டுறதுக்கு.

நம்ம ஆளுங்க யாருக்கும் தெரியாத ஒன்னு சொல்றேன். அந்த போயர் யுத்தத்துல புடிபட்ட கைதிகள்ல ஆயிரக்கணக்கான பேர வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்தி 1900ல நம்ம தியத்தலாவைக்கு கொண்டாந்து முகாம்ல அடைச்சு வச்சான். பண்டாரவளை போற ரயில்ல ஜன்னலோரம் குந்தி தியத்தலாவை ஸ்டேசன தாண்டுறப்ப இனி அந்த "பூட்ஸ்" எனக்கு கேக்காம இருக்காது.

அந்த கடல் ரோட்டு உண்மையிலயே இருக்கா?

தீவு உண்மை, லிண்டிஸ்ஃபார்ன், இங்கிலாந்துக்கு வடகிழக்குல இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ தண்ணி ஏறி பாதை முழுகும், இறங்குனா திரும்ப தெரியும், நேரம் பாத்துத்தான் போகணும். படத்துல காட்டுற ஒடுங்கின கல் பாதை படத்துக்காக செஞ்சது. மழைக்கு ஆத்துப் பாலம் போயி ஒரு டிவிசனே அக்கரையில மாட்டிக்கிட்டு நின்ன தோட்டத்துல இருந்தவங்களுக்கு அந்த சீன் விளக்கமே தேவையில்ல.

அவங்க ஒட்டுத்துணி இல்லாம ஓடுறாங்களே தம்பி, பிள்ளைகளோட பாக்கலாமா?

வேணாம் அக்கா. இங்கிலாந்துலயே 15 வயசுக்கு கீழ விட மாட்டாங்க. தலைய முதுகெலும்போட புடுங்குற சீன் இருக்கு. துணி இல்லாததுக்கு காரணம், 28 வருஷத்துல துணி மக்கிப் போயிருக்கும், அவ்வளவுதான், ஆபாசமா காட்டல. ஸ்பைக்கா நடிச்ச ஆல்ஃபி வில்லியம்ஸ் சின்னப் பையன், சின்னப் பிள்ளைங்க நிக்கிற இடத்துல நிர்வாணமா நடிக்க சட்டம் விடாது, அதனால எல்லாரும் செஞ்சு ஒட்டுன உறுப்புகளோடதான் நடிச்சாங்கன்னு டைரக்டரே சொல்லியிருக்காரு. பெரிய பிள்ளைங்கன்னா நீங்களும் பக்கத்துல இருங்க, துணிய விட அம்மா சாகுற இடத்துக்குத்தான் ஆள் தேவைப்படும்.

நோய் புடிச்ச பொம்பளைக்கு நோயில்லாத பிள்ள பொறக்குதே, இது என்ன காதுல பூ?

ரயில் பெட்டிக்குள்ள அந்த பிரசவ சீன். வலியில துடிக்கிற நோயாளி பொம்பளையோட கைய ஐலா புடிச்சுக்கிறா, ஒருத்தரை ஒருத்தர் கடிக்கல, அந்த அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் வெறும் பொம்பளைங்க. அதத்தான் நான் முழுப் படத்துலயும் பெரிய சீன்னு சொல்லுவேன். தோட்டத்துல மருத்துவிச்சி வர்ற வரைக்கும் பக்கத்து காம்பரா பொம்பளைங்கதான் கை புடிச்சாங்க, எங்க பாட்டி எத்தனையோ பிள்ளைங்கள அப்படி ஏந்தியிருக்காங்க.

விஞ்ஞானம் கேட்டா, டாக்டர் படத்துல நச்சுக்கொடியோட மகிமைன்னு சொல்றாரு. அது முழுக் கற்பனை இல்ல. நச்சுக்கொடி சில கிருமிகள மறிக்கும், சிலத மறிக்காது, சிக்கா வைரஸ் தாண்டிப் போயி பிள்ளைய தாக்குச்சு. மருந்தும் சேந்தா இன்னும் நல்லா தடுக்கலாம். தாய்கிட்டருந்து பிள்ளைக்கு எச்ஐவி போறத இல்லாம ஆக்கின நாடுன்னு 2019ல உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு சான்று குடுத்துச்சு, இங்க பல பேருக்கு அது தெரியாது.

நெசமாவே இப்படி ஒரு நோய் வந்தா என்ன செய்றது?

சில செக்கன்ல ஆள மாத்துற நோய் வராது, கிருமி பெருகவே நேரம் வேணும். ஆனா கடிச்சுப் பரவுற, மூளைய தாக்குற, எச்சில்ல இருக்குற நோய் ஒன்னு ஏற்கனவே நம்ம லயத்து வாசல்லயே இருக்கு, விசர்நாய்க்கடி. நரம்பு வழியா மெதுவா மூளைக்கு ஏறும், பெரும்பாலும் ஒன்னுலருந்து மூணு மாசம் எடுக்கும், அறிகுறி வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட ஏலாது. அந்த மெதுவான நேரம்தான் நமக்கு கெடைக்கிற சந்தர்ப்பம். கடிபட்ட இடத்த ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டு 15 நிமிஷம் கழுவணும், மஞ்சள், மொளகாத்தூள், கோப்பித்தூள் எதுவும் அப்பக்கூடாது, அன்னைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு போயி ஊசி போடணும், அங்க காசில்ல. குட்டி நாய் சும்மா கீறிச்சுன்னு விட்றாதீங்க. படத்தப் பத்தி எழுத வந்து இத எழுதுறேனேன்னு நெனைக்காதீங்க, இத கேட்ட பொடியனோட கால்லயே நாய்ப் பல்லு பட்ட காயம் இருந்துச்சு, கடைய சாத்திட்டு நானே கூட்டிட்டுப் போனேன்.

ஜோம்பி எல்லாம் வெள்ளைக்காரன் கற்பனைதானே, நமக்கும் அதுக்கும் என்ன சம்மந்தம்?

வெள்ளைக்காரன் கற்பனை இல்ல. இத எழுதத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்னு கூட சொல்லலாம். ஜோம்பி பொறந்தது ஹெய்ட்டியில, பிரெஞ்சுக்காரனோட கரும்புத் தோட்டத்துல. ஆபிரிக்காவுலருந்து புடிச்சுக் கொண்டாந்த அடிமைங்க, செத்தா உசுரு தாய்நாட்டுக்கு திரும்பிப் போயிரும்னு நம்புனாங்க. அந்த நம்பிக்கைக்கு எதிரான பெரிய பயம்தான் ஜோம்பி, செத்த பொறகும் திரும்பிப் போக விடாம ஒடம்ப எழுப்பி, பேச்சில்லாம நெனவில்லாம இன்னொருத்தனுக்காக கரும்பு வெட்ட வைக்கிறது. 1791ல அந்த அடிமைங்க கிளம்பி எழும்பி, 1804ல சொந்த நாடே ஆக்கினாங்க. 1932ல வந்த முதல் ஜோம்பி படத்துல சீனி ஆலையில ஜோம்பிங்க சக்கரத்த தள்ளிக்கிட்டு நிக்கும், ஒன்னு தவறி அரைக்கிற எந்திரத்துக்குள்ள விழும், மத்தது எதுவும் திரும்பிக்கூட பாக்காம தள்ளிக்கிட்டே போகும்.

இந்தியாவுலருந்து இங்க தோட்ட வேலைக்கு வந்த நம்ம ஆளுங்க அடிமைன்னு எழுதிக் குடுத்து வரல. ஆனா கடன எழுதுன துண்டோடதான் தோட்டம் விட்டு தோட்டம் போனாங்க, அந்த துண்டு முறைய 1921லதான் நிப்பாட்டினாங்க. வர்றப்ப மண்டபம் கேம்ப்ல நோய் இருக்கான்னு மறிச்சு வச்சு மருந்துத் தண்ணியில குளிப்பாட்டித்தான் விட்டாங்க, பிரிட்டனை பூட்டி வச்ச கதையில எனக்கு அதுவும் ஞாபகம் வந்துச்சு. பாட்டிக்கு 84 வயசு, ஹெய்ட்டி கதைய ஒரு நாள் ராத்திரி அடுப்படியில வச்சு அவங்களுக்கு சொன்னேன். கையில இருந்த ரொட்டிய அப்படியே வச்சிட்டு கேட்டாங்க, "செத்தும் செக்ரோல்ல பேரு வெட்டலயா?" செக்ரோல்னா தோட்டத்துல வேலைக்கு வந்தவங்க பேர் பதியிற புத்தகம். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொன்னும் கேட்டாங்க, "முழுப்பேரா, அரைப்பேரா?" கிலோ கொறைஞ்ச அன்னைக்கு அரைப்பேர் போட்டு அரைச் சம்பளம் குடுத்த கணக்கு அவங்களுக்கு இன்னும் மறக்கல. நூறு படம் பாத்த எனக்கு ஜோம்பி என்னன்னு அன்னைக்குத்தான் வெளங்கிச்சு.

அப்ப தமிழ்ல ஜோம்பிக்கு என்ன பேர்? நம்மகிட்ட அப்படி ஒன்னு இல்லையே

கிட்ட வர்றது வேதாளம், அது பொணத்துக்குள்ள பூந்து முருங்கை மரத்துல தொங்கும். ஆனா அது கதை சொல்லும், கேள்வி கேக்கும், ஜோம்பிக்கு வாயே இல்ல. நம்ம தோட்டத்துல பயந்து கும்புடுறது முனிய, ஸ்டோர்ங்கற தேயிலை ஃபேக்டரி எந்திரத்துக்கே ரோதமுனின்னு ஒரு சாமி இருக்கு, மேல சொன்ன சீனி ஆலை எந்திரத்த நெனச்சுப் பாருங்க. சினிமான்னா 2016ல 'மிருதன்' வந்துச்சு, ஜெயம் ரவி நடிச்சது, கதை ஊட்டியில நடக்கும், தேயிலை மலைக்கு ஜோம்பி வந்த படம் அதுதான்.

கடைசியில மஞ்ச முடியும் ட்ராக்சூட்டும் போட்டுக்கிட்டு குட்டிக்கரணம் அடிக்கிறானுங்களே, படத்தையே கெடுத்துட்டானுங்க

எனக்கும் முதல் தடவ அப்படித்தான் கோபம் வந்துச்சு. அம்மாவ அனுப்பி வச்சிட்டு மனசு கனத்துக் கெடக்குறப்ப இது என்ன கூத்துன்னு. பொறகுதான் தேடிப் பாத்தேன். அந்த உடுப்பு, முடி, சங்கிலி எல்லாம் ஜிம்மி சாவில்ங்கற ஆளோடது. இங்கிலாந்து டீவியில பிள்ளைங்க நிகழ்ச்சி நடத்தி பெரிய புண்ணியவானா பேர் எடுத்தவன், 2011ல செத்தான், 2012லதான் அவன் நூத்துக்கணக்கான பேர, அதுல நெறைய சின்னப் பிள்ளைங்கள, சீரழிச்சது வெளிய வந்துச்சு. இந்தக் கதையில உலகம் 2002லயே நின்னு போச்சு, அதனால அங்க யாருக்கும் அந்த உண்மை தெரியாது. படத்தோட முதல் சீன்ல டீவி பாத்துக்கிட்டு இருக்குற சின்னப் பையன் ஜிம்மிதான் வளந்து இந்த கூட்டத்துக்கு தலைவனா நிக்கிறான், ஜாக் ஓ'கானல் நடிச்சது.

இங்கிலாந்துல உள்ளவனுக்கு அந்த ட்ராக்சூட்ட பாத்ததும் வயித்த கலக்கியிருக்கும். நமக்கு அந்த ஆள தெரியாது, அதனால வெறும் கோமாளிக் கூட்டமா தெரிஞ்சுது. அந்த இடத்துல இங்க உள்ளவங்க கொறை சொன்னது எனக்கு நியாயமாத்தான் படுது. அடுத்த படம் 'தி போன் டெம்பிள்', நியா டகோஸ்டா டைரக்ட் பண்ணினது, இந்த கூட்டத்தோட கதை அதுலதான் விரியுது.

அந்த டாக்டர் என்ன பைத்தியமா? மண்டையோட்டுல கோபுரம் கட்டுறாரே

ரேஃப் ஃபைன்ஸ் நடிச்ச டாக்டர் கெல்சன். ஒடம்பெல்லாம் செவந்து இருக்குறது அயடின், வைரஸுக்கு காப்பா பூசிக்கிறாரு. தீவு ஜனங்களும் அவர பைத்தியம்னுதான் சொல்றாங்க, ஜேமி தூரத்துலருந்து பொணங்கள அவர் வரிசையா அடுக்குறத பாத்து பயந்து ஓடிவந்தவரு. கிட்ட போனாத்தான் தெரியுது, கேட்பாரில்லாம கெடந்த ஒவ்வொரு ஒடம்பையும் இழுத்துட்டு வந்து எரிச்சு, எலும்ப கழுவி, மண்டையோட்ட மரியாதையா அடுக்கி வச்சிருக்காரு. நோய் புடிச்சவங்க, புடிக்காதவங்கன்னு பிரிக்கல. சாவ மறக்காத, அன்பயும் மறக்காதன்னு ரெண்டு லத்தீன் வாசகத்த பொடியனுக்கு சொல்லிக் குடுக்குறாரு.

பைத்தியம்னு கேக்குறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்குறது ஒன்னுதான். கோப்பிக் காலத்துல நம்ம ஆளுங்க மன்னார்ல எறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியா நடந்தே வந்தாங்களே, காச்சல்லயும் வாந்திபேதியிலயும் வழியிலயே விழுந்தவங்கள எத்தனை பேர எங்க பொதைச்சாங்கன்னு யாராவது அடுக்கி வச்சாங்களா? 2023ல நம்ம ஆளுங்க இங்க வந்த 200 வருஷ நினைவா மன்னார்லருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அந்த நடையில போயிட்டு வந்த ஒரு ஐயா என் கடைக்கு வருவாரு, கண்ணாடி உடைஞ்ச பழைய போன் வச்சிருப்பாரு. அவருக்கு நான் இந்த எலும்புக் கோபுர சீன மட்டும் காட்டினேன். ஒன்னும் சொல்லல, போன கையில வாங்கி இன்னொரு தடவ போடச் சொன்னாரு.

டாக்டர் அந்த மண்டையோடுகள்ல பேர் எழுதி வச்சிருக்காரா தம்பி?

இத கேட்டது ஒரு அக்கா. அவங்க தங்கச்சிய கொஸ்லந்த பக்கம் கட்டிக் குடுத்திருந்தாங்க, 2014 ஒக்டோபர் 29 காலையில மீரியாபெத்தவுல மலை சரிஞ்சு லயங்கள மூடினப்ப தங்கச்சி உள்ள. அங்க எத்தனையோ பேரோட ஒடம்பு கெடைக்கவே இல்ல, இவங்களுக்கும் கெடைக்கல. போட்டோவ வச்சுத்தான் கருமாதி செஞ்சாங்க. படத்த மகளோட பாத்துட்டு மறுநாள் வந்து, போன் கவர் ஒன்ன கையில வச்சு திருப்பிக்கிட்டே கேட்டாங்க.

பேர் எழுதல அக்கான்னு சொன்னேன். ஆனா ஐலாவோட மண்டையோட்ட டாக்டர் கழுவி மகன் கையில குடுத்து, எங்க வைக்கணும்னு நீயே பாருன்னு சொல்லுவாரு. பொடியன் அத தூக்கிக்கிட்டு ஏறி ஏறிப் போயி எல்லாத்துக்கும் மேல உச்சியில வச்சு, ஒரு முத்தம் குடுத்துட்டு எறங்குவான். அக்கா அந்த சீன் ஞாபகம் இருக்குன்னாங்க. "வெளிச்சம் நல்லா பட்டுச்சு அந்த இடத்துல"ன்னாங்க. கவருக்கு காசு குடுத்துட்டு நோர்வூட் பஸ்ஸுக்கு போனாங்க.